அரை மாத்திரைக் கணக்கு

வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பவற்றில் எதைப் பூனைக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பட்டியல்களை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் பட்டியலால் பெரிய பயன் விளையும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் ஊர் மருந்துக் கடையில் ஒரே மருந்து பத்துப் பதினைந்து பெயர்களில் கிடைக்கிறது. ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் சேர்ந்து வருகின்றன. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கூட அதில் இல்லாத ஒன்றை நல்லெண்ணத்தோடு எடுத்துக் கொடுத்துவிட முடியும். ஆகவே பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பார்ப்போம். பெரியவருக்கு ஒன்று, பிள்ளைக்கு அரை, பூனைக்கு அரையோ காலோ என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் இருக்கிறது. உடம்பு சிறுத்தால் மருந்தும் சிறுக்க வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு என்பது அதன் அடிப்படை. இந்த அடிப்படையே தவறு என்பதுதான் இன்று நான் நிறுவ விரும்புவது. பூனைக்கு நேரும் தீங்கு பல நேரம் அளவைத் தப்பாகக் கணித்ததால் வருவதில்லை. எந்த உயிருக்குக் கொடுக்கிறோம் என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருகிறது.

எல்லோர் வீட்டிலும் இருக்கும் பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கினால், அவர் உடம்பில் கிலோவுக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் சேர்கிறது. அதில் பாதியை உடைத்து 4 கிலோ எடையுள்ள பூனைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 81 மில்லிகிராம். நம் தெருக்களில் வளரும் பூனைகள் பல 3 கிலோவைத் தாண்டுவதில்லை. அவற்றுக்கு இது 108 ஆகிவிடும். பூனைகளில் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை நஞ்சாகும் அளவு என்று கால்நடை மருத்துவ நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. இது வெறும் அளவுப் பிழைதானே, சரியாகக் கணக்குப் போட்டால் தீர்ந்துவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். போட்டுப் பார்ப்போம். குழந்தைகளுக்கு வரும் சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். அந்தக் கணக்கில் 4 கிலோ பூனைக்கு 60 மில்லிகிராம், அதாவது இரண்டரை மில்லி சிரப். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கிலோவுக்கு 10 மில்லிகிராம் போன நிலையிலேயே நஞ்சின் அறிகுறிகள் தோன்றிய பூனைகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. எடைக்கு ஏற்ப எவ்வளவு கவனமாகக் குறைத்தாலும், இது பாதுகாப்பான அளவு என்று சொல்லத்தக்க ஒரு பாரசிட்டமால் அளவு பூனைக்குக் கிடையாது. நாய்க்கு உண்டு, பிரிட்டனில் நாய்க்கென்றே பாரசிட்டமால் கலந்த மாத்திரை விற்கிறார்கள். ஆக, நாய்க்கு ஒத்துக்கொண்டது என்ற அனுபவமும் பூனைக்கு உதவாது.

ஏன் இப்படி? மருந்து உடம்புக்குள் போவதைப் பற்றி நாம் யோசிக்கிற அளவுக்கு அது வெளியேறுவதைப் பற்றி யோசிப்பதில்லை. மனிதரின் கல்லீரல் பாரசிட்டமாலில் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்தோடோ சல்பேட்டோடோ பிணைத்து, நீரில் கரையும் பொருளாக்கி, சிறுநீர் வழியே அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் வேறு பாதையில் போய் நச்சுப் பொருளாக மாறும். அதையும் குளுட்டாதயோன் என்ற பொருள் பிடித்து அடக்கிவிடும். பூனையின் கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலப் பாதை இந்த மருந்துக்கு அநேகமாக மூடிக்கிடக்கிறது. சல்பேட்டுப் பாதையும் குறுகலானது; சீக்கிரம் நிரம்பிவிடும். மிச்சமெல்லாம் நச்சுப் பாதையில் திரும்புகிறது, குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது. மனிதரில் அளவு மீறிய பாரசிட்டமால் முதலில் கல்லீரலைத்தான் அழிக்கும். பூனையிலோ முதல் அடி இரத்தத்தின் மேல் விழுகிறது. பூனையின் ஹீமோகுளோபினில் இவ்வகைத் தாக்குதலுக்கு எளிதில் ஆளாகும் கந்தக முனைகள் எட்டு இருக்கின்றன, நம்முடையதில் இரண்டுதான். தாக்குண்ட ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. இரத்தம் சாக்லேட் நிறத்துக்கு வருகிறது, ஈறுகள் பழுப்பேறுகின்றன, முகமும் பாதங்களும் வீங்குகின்றன, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. சில மணி நேரங்களிலேயே இது நடந்துவிடக்கூடும்.

அந்தப் பாதை ஏன் மூடிக்கிடக்கிறது என்பதற்கு விடை கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோர்ட், டேவிட் கிரீன்பிளாட் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பாரசிட்டமாலைப் பிணைக்கும் நொதியை உண்டாக்க வேண்டிய மரபணு பூனையிடம் இருக்கிறது, ஆனால் சிதைந்துபோய்ச் செயலற்றுக் கிடக்கிறது என்று காட்டினார்கள். யூஜிடி1ஏ6 என்பது அதன் பெயர். 2011-இல் கோர்ட்டின் குழு வேறு பல ஊனுண்ணிகளையும் ஆராய்ந்தது. அவர்கள் பார்த்த பூனைக் குடும்பத்து இனங்கள் எல்லாவற்றிலும் அதே மரபணு சிதைந்திருந்தது; பழுப்புக் கழுதைப்புலியிலும் வடக்கு யானை சீலிலும்கூடத் தனித்தனியாகச் சிதைந்திருந்தது. பூனைக் குடும்பத்தில் இந்த இழப்பு 3.5 கோடி ஆண்டுகளுக்கும் 1.1 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நேர்ந்திருக்கும் என்று கணித்தார்கள். இந்த விலங்குகளுக்குப் பொதுவானது உணவு: அநேகமாக இறைச்சி மட்டுமே. இந்த நொதி கையாளும் பொருள்களில் பல, செடிகள் தம்மைத் தின்ன வருவோரை விரட்டத் தயாரித்துக்கொள்ளும் ஃபீனால் வகைப் பொருள்கள். இலையையும் காயையும் தின்னும் உயிர் இந்த நொதியை இழந்தால் பிழைப்பது கடினம். எலியையும் பறவையையும் தின்றே வாழும் உயிர் இழந்தால் ஒன்றும் ஆகாது. அந்தப் பிழை தலைமுறை தலைமுறையாக அப்படியே தங்கிவிடும். மாத்திரை என்ற ஒன்று வீட்டுக்குள் வரும் வரையில் அந்த இழப்பால் பூனைக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

இதைக் கேட்டதும் பூனையின் கல்லீரல் பலவீனமானது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அதுவும் ஒரு தவறான கணக்குத்தான். ஆக்சிஜனேற்றம் வழியே வெளியேறும் மருந்துகள் பலவற்றைப் பூனை நன்றாகவே கையாளுகிறது. பைராக்சிகாம் என்ற வலிமருந்தை நாயைவிடப் பூனை விரைவாக வெளியேற்றுகிறது. ஒவ்வொரு மருந்தும் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதுதான் கேள்வி. ஆஸ்பிரினைப் பாருங்கள். குறைந்த அளவில் கொடுக்கும்போது மனிதரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறையும் சாலிசிலேட், பூனையின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 40 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கொடுத்தால் மூன்றாம் நாள் பூனைக்குள் இருப்பது மூன்று நாள் மருந்தின் குவியல். அதனால்தான் இரத்தம் உறையாமலிருக்க மருத்துவர் பூனைக்கு ஆஸ்பிரின் எழுதிய காலங்களில்கூட இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சிறு துணுக்கு என்றுதான் எழுதினார். மெலாக்சிகாம் இன்னொரு வகை. அது பூனைக்கு முற்றிலும் விலக்கான மருந்து அல்ல. ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற சிறு அளவில் பூனையின் மூட்டு வலிக்கு நீண்ட நாள் கொடுக்க அனுமதி உண்டு. அமெரிக்காவிலோ திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து பூனை இறக்கக்கூடும் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையை 2010-இல் மருந்தின் மேலேயே அச்சிடச் செய்தார்கள். ஒரே மருந்தைப் பற்றி இரண்டு கண்டங்களின் வல்லுநர்கள் இவ்வளவு விலகி நிற்கும்போது, மூட்டுவலிக்காரப் பெரியவரின் 7.5 மில்லிகிராம் மாத்திரையை நாம் உடைக்கத் துணிவது எந்த நம்பிக்கையில்? ஐரோப்பிய அளவின்படி 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 0.2 மில்லிகிராம், அந்த மாத்திரையின் பாதி அதைப்போல் ஏறக்குறைய 19 மடங்கு. ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றைப் பற்றி இவ்வளவு யோசனைகூடத் தேவையில்லை; வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும் தரும் அவை பூனைக்கு வேண்டவே வேண்டாம். உயிரினத்துக்கு உயிரினம் மருந்து மாறுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. மாட்டின் வலியைத் தீர்த்த டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்பது 2004-இல் உறுதியானது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. கழுகுக்குத் தீங்கில்லாத மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது எது என்றால், பூனைக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை பெற்ற அதே மெலாக்சிகாம்!

ஆங்கில மருந்தே வேண்டாம், நாட்டு மருந்து கொடுத்துக்கொள்கிறோம், அது இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது என்ற மறுப்பு இங்கே வரும் என்று எதிர்பார்க்கிறேன். மனிதருக்கு அந்த மருத்துவம் செய்யும் நன்மையைப் பற்றி எனக்கு வழக்கு எதுவுமில்லை. ஆனால் பூனையைப் பொறுத்தவரை இந்த வாதம் தலைகீழாக நிற்கிறது. செடிப்பொருள்களைக் கையாளும் திறனைத்தான் பூனை இழந்திருக்கிறது என்று சற்றுமுன் பார்த்தோம். நம் கைவைத்தியத்தின் சாரமே செடிப்பொருள்தான். ஓம வாட்டரின் காரத்துக்குக் காரணமான தைமால் ஒரு ஃபீனால். கற்பூரவல்லியின் மணத்தில் இருக்கும் கார்வக்ரால் ஒரு ஃபீனால். துளசியிலும் கிராம்பிலும் இருக்கும் யூஜினால் ஒரு ஃபீனால். பிள்ளைக்குச் சளி பிடித்தால் வைக்கிற கஷாயத்தை வேதியியல் கண்ணோடு பார்த்தால், பூனையின் உடம்பு எதற்கு ஆயத்தமாக இல்லையோ அதையே தேடித்தேடிக் காய்ச்சியதுபோல் இருக்கும். பூண்டுப் பாலும் சின்ன வெங்காயச் சாறும் இந்த வகையில் சேராதவை. ஆனால் அவற்றின் கந்தகச் சேர்மங்கள் பாரசிட்டமாலைப் போலவே பூனையின் ஹீமோகுளோபினைத் தாக்கிச் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும். ஒரு சொட்டு ஓம வாட்டரால் பூனை செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மிகை. பக்கத்து வீட்டில் துளசி மாடம் இருப்பதாலும் ஆபத்தில்லை. பூனை அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மருந்தென்று செறிவாகக் காய்ச்சி, வாயைப் பிளந்து ஊற்றும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. இயற்கையானது என்ற சொல் பூனைக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது என்பதோடு இதை நிறுத்திக்கொள்கிறேன்.

வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டால் போதுமா என்றால், போதாது. பூனையின் தோலில் தடவுவது எதுவானாலும் அது வாய்க்குப் போய்ச் சேரும். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை உடம்பை நக்கித் துப்புரவு செய்வதிலேயே கழிக்கும் விலங்கு அது. தலைவலித் தைலங்களிலும் கோடாலித் தைலத்திலும் இருக்கும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. கூடவே கற்பூரமும் நீலகிரித் தைலமும் சேர்ந்திருக்கும். நொண்டுகிற பூனையின் காலில் அதைத் தேய்ப்பவர், அளவில்லாமல் ஆஸ்பிரின் கொடுப்பவருக்குச் சமம். டெட்டாலில் இருப்பது குளோரோசைலினால், பெயரே காட்டிக்கொடுப்பதுபோல் அதுவும் ஃபீனால் வகைதான். பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கும் இதே கதை. நம் ஊரில் மிகுதியாக நடப்பது சொறி விஷயத்தில். பூனையின் காதோரத்திலும் முகத்திலும் பொருக்குப் பொருக்காகப் படரும் சொறிக்கு ஒரு நுண்பூச்சி காரணம். மருந்துக் கடையில் சொறிக்கு மருந்து கேட்டால் மனிதருக்கான பெர்மெத்ரின் களிம்போ பென்சைல் பென்சோயேட் திரவமோ கைக்கு வரும். இரண்டுமே பூனைக்கு நஞ்சு. பெர்மெத்ரின் நரம்புகளைத் தாக்கி நடுக்கத்தையும் வலிப்பையும் தரும். நாயின் முதுகில் விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் அது 45 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். அதைத் தடவிய நாயோடு ஒட்டிப் படுத்துறங்கிய பூனைக்கே வலிப்பு வந்துவிடுவதுண்டு. பூனைச் சொறிக்குச் செலாமெக்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, எளிதில் குணமாகும் நோய் அது என்பதுதான் இதில் வருத்தம் தருவது. இன்னொன்றும் உண்டு: மருந்தைப் பூனைக்குப் போடவே வேண்டியதில்லை, நமக்குப் போட்டுக்கொண்டாலே போதும். ஃபுளுர்பிபுரோஃபென் கலந்த வலிக் களிம்பைத் தம் உடம்பில் தடவிக்கொண்டவர்களின் வீட்டுப் பூனைகள் நோயுற்றதையும், ஒரு வீட்டில் மூன்று பூனைகள் இறந்ததையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரிக்கையாக வெளியிட்டது. தலைமுடி வளர இளைஞர்கள் இரவில் தடவிக்கொள்ளும் மினாக்ஸிடிலும் இப்படித்தான். தலையணையில் ஒட்டியதை நக்கிய பூனையின் இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படுகின்றன. பூனையோடு ஒரே கட்டிலில் படுப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் கொள்ளலாம்.

என் பூனைக்குக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே என்பவர்களுக்கு என்ன பதில்? அவர்கள் பொய் சொல்லவில்லை. கசப்பு நாக்கில் பட்டதும் பூனை நுரை நுரையாக எச்சில் ஒழுக்கி மருந்தில் பாதியைத் துப்பிவிடும். பூனைக்குப் பூனை உடல் தாங்கும் திறனும் வேறுபடும். ஆனால் இந்தச் சாட்சியத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிழைத்த பூனையின் கதையைத்தான் வீட்டுக்காரர் சொல்கிறார். நம் ஊர்ப் பூனைகள் பெரும்பாலும் வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே வாழ்பவை. உடம்பு முடியாத பூனை ஒதுங்கி மறையும் இடத்தைத் தேடிப் போகும். இரண்டு நாளாகக் காணோம் என்றால், நாய் கடித்திருக்கும், வண்டியில் அடிபட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்கிறோம். முந்தைய நாள் கொடுத்த அரை மாத்திரை யார் நினைவுக்கும் வருவதில்லை. வலியையும் நோயையும் மறைப்பதில் பூனை கைதேர்ந்தது. மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் காதின் சாய்வு, கண் இடுங்கல், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தலையின் தாழ்வு ஆகியவற்றைக் கொண்டு பூனையின் வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோலை வகுக்க வேண்டியிருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே அளவுகோல் தேவைப்படும் இடத்தில், ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நாம் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு?

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கால்நடை மருத்துவர்களே மனிதர் மாத்திரையைத்தானே எழுதிக் கொடுக்கிறார்கள்? உண்மைதான். அரிப்புக்குச் செட்டிரிசின், வயிற்று அமிலத்துக்கு ஃபேமோடிடின், மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் என்று பலவும் மனிதர் கடையிலிருந்தே பூனைக்குப் போகின்றன. வீட்டுப் பெட்டியில் பூனைக்கு ஒத்துவரக்கூடியவை சில உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர் தேர்ந்தெடுப்பது மருந்தின் பெயரை மட்டுமல்ல. சளிக்கும் ஒவ்வாமைக்கும் நம் கடைகளில் தூக்கிக் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் ஒவ்வாமை மருந்தோடு பாரசிட்டமாலும் மூக்கடைப்பு நீக்கியும் கலந்திருக்கின்றன. ‘செட்டிரிசின் நல்லது’ என்று கேள்விப்பட்டவர் இப்படிப்பட்ட கலவையை வாங்கிவந்து கொடுத்தால், அவர் கொடுத்தது பாரசிட்டமால்தான். டாக்சிசைக்ளின் பூனைக்கு அடிக்கடி எழுதப்படும் நல்ல மருந்து. ஆனால் அந்த மாத்திரையைத் தண்ணீரோ உணவோ கொடுக்காமல் வறண்ட தொண்டையில் போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாகி, பிறகு குழாயே சுருங்கிப்போகலாம். என்ரோஃப்ளாக்சசின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் சில பூனைகளின் விழித்திரை அழிந்து அவை குருடாகின்றன. கண்ணுக்குள் மருந்து சேராமல் வெளியேற்ற வேண்டிய ஒரு புரதம் பூனையில் குறையுடையது என்பதே காரணம். நமக்கு வாங்கி மிச்சமான கண் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், ஹெர்பெஸ் கிருமியால் பூனையின் கருவிழியில் வந்த புண்ணை அது ஆழமாக்கிவிடும். ஒத்துக்கொள்ளும் மருந்து, கொல்லும் மருந்து என்ற கோடு இரண்டு புட்டிகளுக்கு நடுவில் ஓடுவதில்லை. பல நேரம் ஒரே புட்டிக்குள் ஓடுகிறது.

சரி, மருத்துவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி நியாயமானது. சென்னையில் இருப்பவருக்கு 1903-இல் தொடங்கிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. சிற்றூரின் அரசுக் கால்நடை மருந்தகம் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் மனத்தில் வைத்து அமைந்தது. அங்கே பூனையைக் கொண்டுபோவதற்கே பலருக்குக் கூச்சம். இரவு பத்து மணிக்குப் பூனை சுருண்டு கிடந்தால் ஏழை வீட்டுக்காரர் என்னதான் செய்வார்? எதையும் கொடுக்காமல் காலை வரை காத்திருப்பது, பாரசிட்டமால் கொடுப்பதைவிடப் பல மடங்கு நல்லது. மேலும், காய்ச்சல் என்று நாம் நினைப்பது பல நேரம் காய்ச்சலே அல்ல. நலமாக இருக்கும் பூனையின் உடல்வெப்பம் ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அதன் காது எப்போதுமே சுடும். உண்மையாகவே காய்ச்சல் என்றாலும் அதை மட்டும் இறக்குவதால் நோய் தீராது. மூக்கடைத்துச் சாப்பிட மறுக்கும் பூனைக்கு மனிதரின் மூக்குச் சொட்டு மருந்து ஆகாது, அதில் இதயத் துடிப்பைக் குறைத்து மயங்கச் செய்யும் பொருள் இருக்கிறது. குளியலறையில் வெந்நீர் ஆவியில் சிறிது நேரம் வைத்திருந்து, மூக்கை உப்புநீரால் துடைத்து, கருவாடோ மீனோ சற்றுச் சூடாக்கி மணம் எழும்படி வைக்கலாம். காயத்தை நார்மல் சலைனால் கழுவலாம். தேவையானால் பொவிடோன் அயோடினை நன்றாக நீர்த்துப் பயன்படுத்தலாம். இரண்டு நிலைகளில் காத்திருக்கவே கூடாது. ஆண் பூனை மணல் பெட்டிக்குப் போய்ப்போய் முக்கினால், அதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள்; பல நேரம் அது சிறுநீர்க்குழாய் அடைப்பு, ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். உண்மையான மலச்சிக்கலுக்கும் மனிதருக்கான பாஸ்பேட் எனிமாவைப் பூனைக்குச் செலுத்தினால் இரத்தத்தின் கால்சியம் விழுந்து இறந்துபோகலாம். இரண்டாவது நிலை பட்டினி: இரண்டு மூன்று நாள் எதுவும் உண்ணாத பூனை, குறிப்பாகப் பருத்த பூனை, கல்லீரலில் கொழுப்பு ஏறிச் சாகும் நிலைக்குப் போகக்கூடும். பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்ற நம் பழைய மருத்துவம் பூனைக்குப் பொருந்தாது.

கொடுத்தாகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களும் இந்த அவையில் இருக்கலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உப்பே நஞ்சாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும். பால் முறிமருந்து அல்ல. தோலில் பட்ட எண்ணெய்ப் பொருளாக இருந்தால், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, துண்டால் போர்த்தி நக்கவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது, எவ்வளவு, எது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஏச்சுக்குப் பயந்து ‘ஒன்றும் கொடுக்கவில்லை’ என்று மருத்துவரிடம் மறைப்பவர்கள் உண்டு. அறிகுறி வரும்வரை காத்திராமல் சிகிச்சை தொடங்கக் கிடைத்த நேரம் அதனால் வீணாகிறது. பாரசிட்டமாலுக்கு முறிமருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். தீர்ந்துபோன குளுட்டாதயோனை மீண்டும் உண்டாக்க உதவும். முதலில் கிலோவுக்கு 140 மில்லிகிராம், பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை 70 மில்லிகிராம் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் முறை; எந்த வழியில், எவ்வளவு நீர்த்துக் கொடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சிறிய கால்நடை மருத்துவ நிலையத்தில் அது இல்லாமலிருக்கலாம். மனிதரின் சளியை இளக்கவும் அதே மருந்தைத்தான் தருகிறார்கள் என்பதால் பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும். மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால், ஒருவர் பூனையோடு இருக்க மற்றவர் அந்தக் கடைக்கு ஓடலாம்.